கழுத்தோரக் கல்லும் குதிரையோரக் கல்லும்

அந்தக் காலத்தில் கல் பேசும், மரம் பேசும், உலையில் எரிகிற நெருப்பு கூடக் கேட்டதற்குப் பதில் சொல்லும். பேச முடியாமல் இருந்தவர்கள் செத்துப்போனவர்கள் மட்டும்தான். அவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள்தான் பேச வேண்டியிருந்தது.

இரும்புமலையின் அடிவாரத்தில் உலைப்பட்டி என்று ஓர் ஊர். மலையைத் தோண்டி, மண்ணை உருக்கி, இரும்பெடுப்பது அந்த ஊரின் பிழைப்பு. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் இறந்தால், கருமாதி அன்று அவருடைய வீட்டார் ஊர்ப் பாறைமேல் உட்கார்ந்து, அவர் வாழ்நாளெல்லாம் முணுமுணுத்த பாட்டைப் பாட வேண்டும். பொழுது சாய்வதற்குள் அது ஊரின் கடைசி வீடுவரை கேட்க வேண்டும். கேட்டதும் கடைசி வீட்டுக்காரர் தம் வாசலில் ஒரு விளக்கேற்றி வைப்பார். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் இறந்தவர் வழி தெரிந்து போவார். கேட்காமல் போனால், அந்தக் கடைசி வீட்டு வாசலிலேயே நின்றுவிடுவார். உள்ளே வரவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது. அப்படி ஒருவர் நிற்கும் வாசலில் போட்ட கோலம் தங்காது என்பார்கள்.

செங்கான் இறந்தபோது அவன் பெண்சாதி பூவாயிக்குத் தொண்டை இல்லாமல் போயிற்று. மண் எடுக்கும் குழி சரிந்து அவன் செத்தான். கஞ்சிக் கலயத்தோடு அவள் குழி விளிம்பில் நின்றிருந்தாள். கீழேயிருந்து அவன் நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கத்தல் கத்தினான். அதற்குள் மண் மூடிவிட்டது. அந்தக் கத்தலை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதை மறக்க வேண்டும் என்றுதான் அழுதாளோ என்னவோ, அழுதழுது குரல் அடியோடு கட்டிப்போயிற்று. கருமாதி நெருங்கியபோது அவளிடம் காற்றுப் போன்ற ஒரு கிசுகிசுப்புதான் மிச்சமிருந்தது.

குரல் இல்லாதவர் வாத்தியம் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் வழக்கத்தில் இடமுண்டு. ஆனால் அது இறந்தவர் புழங்கிய பொருளில் செய்ததாக இருக்க வேண்டும், இரவல் ஆகாது. செங்கானிடம் என்ன இருந்தது? துருத்தி மிதிக்கும்போது அவன் உட்காரும் பலகை ஒன்று, அவனே இழுத்துத் தீட்டிய இரும்புக் கம்பி கொஞ்சம். பூவாயி கம்பியைப் பலகையின்மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டினாள். ஒரு முனையில் கம்பியைத் தாங்க ஒரு சின்னக் கட்டையை நிறுத்தினாள். அதற்குக் குதிரை என்று பெயர். மறுமுனையில் பலகையைக் கை பிடிக்கிற அளவுக்குச் செதுக்கினாள். அது கழுத்து.

மீட்டினாள். அவள் காதுக்கு மட்டும் கேட்டது.

பக்கத்து வீட்டு யாழ்க்காரர்கள் சிரித்தார்கள். "வயிறே இல்லாத கட்டைக்குக் குரல் எங்கேருந்து வரும்? குடம் இருந்தாத்தானே தண்ணி தளும்பும்?" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை. யாழுக்கு உள்ளே வெற்றிடம் உண்டு, குரல் அங்கே ஊறி வெளியே வரும். இதுவோ மொத்தமாகக் கெட்டிப் பலகை.

பூவாயி பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறினாள். மலைக்கு இரண்டு காந்தக்கற்கள் காதாக இருந்தன. அவை என்ன கேட்கின்றனவோ அதை மலை ஊரே அதிரத் திருப்பிச் சொல்லும். ஆனால் காந்தக்கல்லுக்கு மனிதர் பாடினால் கேட்காது, பறவை கூவினால் கேட்காது. இரும்பு நடுங்கினால் மட்டுமே கேட்கும். இரண்டும் அக்காள் தங்கை. செங்கான் அவற்றின் பக்கத்தில் ஒருநாளும் கடப்பாரை போட்டதில்லை. "இங்க வெட்டட்டுமா தாயி?" என்று, இரும்பு நடுங்கக் கடப்பாரையைச் சுண்டிக் கேட்டுவிட்டுத்தான் எந்த இடத்திலும் கை வைப்பான். அதனால் அவன்மேல் அவற்றுக்குப் பிரியம்.

"எம் புருஷனை அனுப்பி வைக்கணும். நீங்க வந்து கேக்கணும்" என்றாள் பூவாயி, அந்தக் கிசுகிசுப்பில்.

கற்களுக்கு அது கேட்கவில்லை. அவள் கம்பியை மீட்டினாள். அது கேட்டது, அவள் வந்த காரியமும் அந்த நடுக்கத்திலேயே அவற்றுக்குத் தெரிந்தது. இரண்டும் ஒரே சமயத்தில், "செங்கான் கம்பி!" என்றன.

அப்போது மலை வாய் திறந்தது. "போறதானா போங்க. ஆனா மலையைவிட்டுப் போயி மரத்துல உக்காந்துட்டா, பிறகு காது மட்டும்தான். பேச்சு போயிரும். திரும்பி வந்து அழுதாலும் நான் தரமாட்டேன்" என்றது.

அக்காள் தங்கையைப் பார்த்தாள். தங்கை அக்காளைப் பார்த்தாள். "எங்ககிட்டக் கேட்டுக் கேட்டு வெட்டுனவன் அவன் ஒருத்தன்தான். போறோம்" என்றாள் மூத்தவள்.

கருமாதி அன்று மத்தியானம், ஊர்ப் பாறையில் பலகையை வைத்து இரண்டு கற்களையும் பதிக்கப் பலகையில் குழி தோண்டினாள் பூவாயி. பதிக்கும் முன்னால் வைத்துப் பார்க்கலாம் என்று மூத்தவளைக் கழுத்தோரம் வைத்தாள். அந்த இடத்தில் கம்பி கட்டிலிருந்து தள்ளி இருந்ததால் தாராளமாக அசைந்தது. மூத்தவள் கேட்டதை மலை சொன்னபோது குரல் உருண்டு, கனத்து, கதகதப்பாக வந்தது. வேலை முடிந்து வந்து, தலையை அவள் மடியில் போட்டுக்கொண்டு செங்கான் முணுமுணுக்கும் குரல் அதேதான்.

பிறகு இளையவளைக் குதிரையோரம் வைத்தாள். அங்கே கம்பியின் கட்டு பக்கத்திலேயே இருந்தது. கம்பி அசைய இடமில்லாமல் துடித்தது. அந்தத் துடிப்பும் சின்னது. இளையவள் எட்டி எட்டித்தான் அதைக் கேட்க வேண்டியிருந்தது. அதனால் பூவாயி ஒரு சில்லை அடியில் கொடுத்து அவளைக் கொஞ்சம் தூக்கி வைத்தாள். மலை வாய் திறந்ததும் குரல் ஈட்டி மாதிரி வந்தது. கூர்மை, வெளிச்சம், ஒளிவு மறைவே இல்லாத ஒரு கத்தல்.

பூவாயி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். குழிக்குள்ளிருந்து வந்த கத்தல் அது.

"பொய் சொல்றா இவ! கம்பி இப்படியா பாடுது? எங்கிட்ட ஊஞ்சல் மாதிரி ஆடுது" என்றாள் மூத்தவள்.

"உன்கிட்ட ஆடுது, எங்கிட்டத் துடிக்குது. நான் கேட்டதைத்தானே சொன்னேன்?" என்றாள் இளையவள்.

இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுப் பார்த்தார்கள். அப்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் நடுவில் குழிந்து வந்தது. வேடிக்கை பார்த்த பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. பூவாயிக்கு அது செங்கானாகத் தெரியவில்லை.

நேரமாகிக்கொண்டிருந்தது. தேன்மெழுகை உருக்கி ஊற்றி இரண்டையும் பதித்தாள். மெழுகு இறுகிய அந்த நொடியில் அக்காளும் தங்கையும் பேச்சை இழந்தார்கள். மூத்தவள் கடைசியாகச் சொன்னது "நல்லாப் பாடு" என்பது. இளையவள், "தாயி, அருவிக்கு அங்கிட்டு ஒரு..." என்று தொடங்கியதோடு சரி.

பூவாயி உட்கார்ந்தாள். ஊர் கூடி நின்றது. வலது கையால் மீட்டும்போதே அந்தக் கையின் விளிம்பை இளையவள்மேல் அழுத்தி மூடிக்கொண்டாள். மெழுகில் பதிந்திருந்த அந்தக் கல் வாய்விட்டு ஒன்றும் சொல்ல முடியாமல் கிடந்தது. என்ன செய்கிறோம் என்று பூவாயிக்குத் தெரியும். தன் செங்கான் அந்தக் கத்தலோடு போகக்கூடாது, தன் மடியில் கிடந்த குரலோடுதான் போக வேண்டும் என்று நினைத்தாள். அவளைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

மலை பாடியது. பாட்டு ஊருக்குள் இறங்கி வீடு வீடாகப் போயிற்று. யாழ்க்காரர்கள் தலைகுனிந்து கேட்டார்கள், அழுதார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் கும்பிட்டு நின்றார்கள். பூவாயி பாட்டை முடித்து, கடைசி வீட்டுப் பக்கம் பார்த்தாள். விளக்கு இல்லை. மறுபடி தொடங்கினாள், மறுபடி முடித்தாள். வெயில் பனைமர உச்சிக்கு ஏறிவிட்டது. அப்போதும் விளக்கு இல்லை.

கடைசி வீடு செங்கானின் தம்பி நல்லானுடையது. அருவிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போய் அவன் குடிசை போட்டபோது செங்கான் வேண்டாம் என்றுதான் சொன்னான்.

சற்று நேரத்தில் நல்லானே ஓடி வந்தான். வேட்டியெல்லாம் அருவி நீர். பாறையில் ஏறி, அழுகிற ஊரைச் சுற்றிப் பார்த்தான். அவன் முகம் இருண்டுவிட்டது.

"மதினி, எல்லாருக்கும் கேட்டிருச்சு போலயே. எனக்கு மட்டும் ஏன் கேக்கல? அண்ணனுக்கு எம்மேல கோவமா?"

பூவாயி மறுபடி கம்பியை மீட்டிக் காட்டினாள். நல்லான் காது கொடுத்துக் கேட்டான், பிறகு தலையை ஆட்டினான்.

"இது யாரு குரல் மதினி? அண்ணன் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லையே. காலைல அருவிக்கு இந்தப் பக்கம் நின்னு, 'எலே நல்லான், எந்திரிச்சு வாடா'ன்னு கத்துவானே, அதுதான் எனக்குத் தெரிஞ்ச அண்ணன். அடித்தொண்டையில கூப்பிட்டா அருவி முழுங்கிரும். அதனால அவன் எனக்காகக் கத்துவான். தினமும் கத்துவான். அந்தக் குரல் வேணும் மதினி."

பூவாயி தன் கையைப் பார்த்தாள். அந்தக் கைக்குக் கீழே இளையவள் இருந்தாள். அருவிக்கு அங்கிட்டு ஒருவன் இருக்கிறான் என்றுதான் அவள் சொல்ல வந்தாள் போலும். செங்கானைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளப் பார்த்ததில், அவனைக் காலமெல்லாம் தம்பி வாசலில் நிறுத்தப் பார்த்தோமே என்று அவளுக்கு உறைத்தது. வெட்கமும் பயமும் சேர்ந்து வந்தன.

"ஓடு தம்பி. வீட்டுக்குப் போயிரு. நான் வாசிக்கிறேன்" என்றாள்.

நல்லான் ஓடினான். அவன் அருவியைக் கடக்கும்வரை அவள் காத்திருந்தாள். பனை உச்சியிலிருந்தும் வெயில் வழுக்கிக்கொண்டிருந்தது. பிறகு இளையவள்மேல் இருந்த கையை எடுத்து, மூத்தவளை ஒரு துணியால் மூடிவிட்டுக் கம்பியை அறைந்தாள்.

மலை கத்தியது. ஊர் திடுக்கிட்டது, பிள்ளைகள் தாய்மார் முந்தானையைப் பிடித்துக்கொண்டன. பூவாயி இந்தத் தடவை காதைப் பொத்திக்கொள்ளவில்லை, பொத்திக்கொள்ளக் கை இல்லை. அந்தக் கத்தலை அவள் முழுதாகக் கேட்டாள். கேட்டபோதுதான் அதற்குள் இருந்த சொல் அவளுக்குத் தெளிந்தது. குழிக்குள்ளிருந்து செங்கான் "அம்மா" என்று கத்தவில்லை, "ஐயோ" என்று கத்தவில்லை. "தள்ளிப் போடீ!" என்று கத்தியிருந்தான். சாகிற நேரத்திலும் விளிம்பில் நின்ற அவளைத்தான் பார்த்திருந்தான். அப்படிக் கத்தாமல் வேறெப்படிச் சொல்லியிருந்தாலும் அன்று அவள் அந்தச் சரிகிற விளிம்பைவிட்டு நகர்ந்திருக்க மாட்டாள்.

அவளுக்குக் கண்ணீர் வந்தது. ஆனால் கை நிற்கவில்லை. குரல் பாறையைத் தாண்டி, வயலைத் தாண்டி, அருவியின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

அருவிக்கு அந்தப் பக்கம், இருட்டப் போகிற வேளையில், ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. நல்லான் விளக்கை ஏற்றிவிட்டான். கூடவே, இரைச்சலுக்கு மேலே, அண்ணனைப் போலவே தொண்டை கிழிய அவன் பதில் கத்தியதும் கேட்டது: "கேட்டிருச்சுண்ணே! போயிட்டு வா!"

செங்கான் போனான். அவன் போனதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் காலை நல்லான் வாசலில் போட்ட கோலம் அப்படியே இருந்தது.

அதன்பிறகு அந்தப் பலகை பூவாயி வீட்டில் இருந்தது. மாலையில் அவள் எடுத்தால் கழுத்தோரக் கல்லைத்தான் கேட்கவிடுவாள். நல்லான் வந்தால் குதிரையோரக் கல்லைத் தேடுவான். அவனுக்கு இவள் வாசிப்பது சப்பென்றிருக்கும், இவளுக்கு அவன் வாசிப்பது நெஞ்சைக் கீறும். ஆனாலும் இதுதான் சரி, அது தப்பு என்று இரண்டு பேரும் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. துணியால் மூடிக் கஷ்டப்பட வேண்டாமென்று நல்லான் இரண்டு கல்லுக்கும் பொதுவாக ஒரு சின்னக் குச்சியைப் பொருத்திக் கொடுத்தான். ஒரு பக்கம் சாய்த்தால் ஒருத்தி கேட்பாள், மறுபக்கம் சாய்த்தால் மற்றவள் கேட்பாள், நடுவில் நிறுத்தினால் இருவரும் கேட்பார்கள். நடுவில் நிறுத்தி வாசிக்கப் பிள்ளைகள் வருவார்கள்.

பேச்சை இழந்த அந்த இரண்டு கற்களையும் இன்று, கம்பியின் நடுக்கத்தைப் பிடிக்கிற பிக்கப் என்கிறார்கள். மலை இருந்த இடத்தில் இப்போது ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று வந்து நிற்கிறது. குதிரையோரத்தில் இருப்பதை இன்றும் கம்பிக்குப் பக்கமாகக் கொஞ்சம் தூக்கித்தான் வைக்கிறார்கள். வாசிக்கிறவர்களில் இரண்டு பேர் சேர்ந்தால் எது நல்லது என்று விடிய விடிய வாதாடுவார்கள். அவரவர் தேடுகிற குரல் எந்தக் கல்லிடம் இருக்கிறது என்பதுதான் அந்த வாதம்.

அன்று முதல்தான் எலெக்ட்ரிக் கிட்டாரை எடுக்கிற கை, பாட்டைத் தொடங்குமுன் அந்தச் சின்னக் குச்சியைத் தேடுகிறது. மடியில் கிடந்த குரல் வேண்டியவர் அதைக் கழுத்துப் பக்கம் சாய்க்கிறார், அருவிக்கு அப்பால் ஆள் உள்ளவர் குதிரைப் பக்கம் சாய்க்கிறார்.