தங்க மயிலும் தலையாட்டி ஓணானும்

முருகன் கோயில் குன்றுக்குப் பின்னால் ஒரு முள்காடு. அதில் கொண்டையன் என்றொரு மயில் தன்னந்தனியாக இருந்தது.

மழை பொய்த்த வருஷம் மற்ற மயில்களெல்லாம் ஆற்றங்கரைத் தோப்புக்குப் புறப்பட்டன. "தைப்பூசம் பார்த்துட்டு வர்றேன், நீங்க முன்னாடி போங்க!" என்று இது மட்டும் தங்கியது. பூசமும் முடிந்தது. அப்புறம் போக வழி தெரியவில்லை. பாவம், காலையில் அகவினால் எதிர்ப்பாறை மட்டும்தான் திருப்பி அகவும்.

பேச்சுத் துணைக்கு ஒரே ஒரு ஓணான். பெயர் கரட்டான். வேலிக் கள்ளியில் உட்கார்ந்து எதற்கும் தலையாட்டும்.

"நான் அழகா இருக்கேனா?"

ஆட்டும்.

"அசிங்கமா இருக்கேனா?"

அதற்கும் ஆட்டும்!

"சீ! உன்கிட்ட பேசறதும் ஒண்ணு, பேசாம இருக்கறதும் ஒண்ணு!"

"என்ன செய்ய? எங்க குலத்துக்கே கழுத்து நிக்காது. ஆனா நீ சொல்றதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், கொண்டையா!"

மயிலுக்கு அது போதவில்லை.

அடுத்த பூசம் வந்தது. மேளம், பால்குடம், "அரோகரா!" என்ற முழக்கம். ஆடி வந்த காவடிகளில் எல்லாம் மயில்பீலி. கொண்டையன் உதிர்த்த பீலிகளைத்தான் காவடிக்காரர்கள் பொறுக்கிப் போயிருந்தார்கள்.

"என் இறகு ஊரோட ஆடுது! நான் மட்டும் இங்கே ஒத்தையில நிக்கறேன்!" என்று புலம்பியது மயில்.

அப்போதுதான் சாமி புறப்பாடு வந்தது. முருகனைச் சுமந்துகொண்டு தங்க முலாம் பூசிய மயில் வாகனம்! கழுத்தில் மாலை, கண்ணில் சிவப்புக் கல்.

"மயில்! இன்னொரு மயில்!" என்று துள்ளியது கொண்டையன்.

"அது மரம்ப்பா! போன வருஷம் அதோட முதுகுலயே நான் வெயில் காய்ஞ்சிருக்கேன். போகாதே!" என்றது ஓணான்.

"உனக்குப் பொறாமை! ஓணானுக்கு வேலி சாட்சி. உன் பேச்சை யார் நம்புவா?"

கரட்டானின் தலை வழக்கம்போல ஆடியது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

உலா முடிந்து சாமி கருவறைக்குப் போனார். வெறும் வாகனத்தை வாகன மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். கொண்டையனும் நைசாக உள்ளே நுழைந்தது. அங்கே யானை, குதிரை, ஆட்டுக்கிடா எல்லாம் வரிசையாக நின்றன.

"அண்ணே, வணக்கம்!" என்றது.

தங்க மயில் வாய் திறக்கவில்லை.

'பெரிய இடம். இங்கே இப்படித்தான் போல' என்று கொண்டையனும் அதன் பக்கத்தில் ஆடாமல் அசையாமல் நின்றது. பூட்ட வந்தவர் மங்கல் வெளிச்சத்தில் பார்த்தார். அதுவும் ஒரு வாகனம் என்று நினைத்து, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார். இனி பங்குனி உத்திரத்துக்குத்தான் திறப்பார்கள்!

மறுநாள் பசித்தது. "அண்ணே, பசிக்குதே!" பதில் இல்லை. "அண்ணே, ஒரு வார்த்தை பேசுங்களேன்!" கெஞ்சியது, அழுதது. கடைசியில் அதன் இறக்கையைக் கொத்தியது. 'டொக்' என்றது. முலாம் உரிந்து மரம் தெரிந்தது.

இத்தனை முகங்களுக்கு நடுவே நின்றும், முள்காட்டில்கூட அறியாத தனிமையை அது அங்கே அறிந்தது. அதற்கு அடுத்த நாள் பசியில் எழுந்து நிற்கவே முடியவில்லை.

"கொண்டையா! உள்ளே இருக்கியா?" கதவிடுக்கில் ஒரு தலை ஆடியது.

"கரட்டா! நான் செத்துடுவேன் போலிருக்கே!"

"வாயை மூடு! கதவுல கல் விழும். விழுந்ததும் உயிரைக் கொடுத்துக் கத்து!"

ஓணானைக் கண்டால் பிள்ளைகள் கல்லெடுப்பார்கள் என்பது யாருக்குத் தெரியாது? அதனாலேயே கரட்டான் கோயில் வீதிப் பக்கம் கூட்டம் இருக்கும்போது எட்டிப் பார்ப்பதில்லை. இன்று அதுவே போய்ப் பிள்ளைகள் முன்னால் நின்று தலையை ஆட்டியது.

"டேய், ஓணான்டா!"

கற்கள் பறந்தன. கரட்டான் ஓட்டமாக ஓடி மண்டபக் கதவில் ஏறியது. படபடவென்று கதவில் கல் விழுந்தது. ஒன்று அதன் பின்னங்காலில் விழுந்தது. உள்ளே மயில் தொண்டை கிழிய அகவியது.

"எவன்டா கோயில் கதவுல கல்லெறியறது?" என்று திட்டிக்கொண்டே சாவிக்காரர் ஓடி வந்தார். அகவல் கேட்டுத் திகைத்தார். "அட முருகா, உள்ளே நிஜ மயில்!" என்று கதவைத் திறந்துவிட்டார்.

அன்று மாலை கரட்டான் காலை இழுத்து இழுத்துக் கள்ளியில் ஏறியது. மயில் அருகில் வந்து உட்கார்ந்தது.

"வலிக்குதா?"

தலை ஆடியது.

"எனக்குத் துணையா இருப்பியா?"

ஆடியது.

"நான் முட்டாள்தானே?"

அதற்கும் ஆடியது! கொண்டையன் அழுதுகொண்டே சிரித்துவிட்டது.

பொன்னாக மின்னினாலும் நம் குரல் கேட்காத உறவைவிட, நம் குரல் கேட்டு ஓடி வருகிற ஓணானின் துணையே மேல்.