ஐந்து முக்காலியும் ஓர் அமைச்சரும்

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தால் எந்தக் காலம், எந்த ஊர் என்று குறுக்கே கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் கொஞ்சம் சும்மா உட்காரட்டும். அரசனின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. பட்டப்பெயர்களோடு சேர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் காபி ஆறிவிடும். அரசன் என்றால் போதும்.

அந்த அரசனுக்கு ஒருநாள் படகு ஆசை வந்தது. அன்னம்போல் ஒரு படகு செய்து, பிறந்தநாளன்று ஊர்ப் பெரிய ஏரியில் ராணியோடு உலா போக வேண்டுமாம். படகும் செய்தாயிற்று. பார்த்தால் அன்னம் மாதிரி இல்லை, தின்று கொழுத்த வாத்து மாதிரி இருந்தது. அது போகட்டும். அந்த வாத்து மிதக்க ஏரி நிறையத் தண்ணீர் நிற்க வேண்டுமே! தலைமை அமைச்சர் வில்லவராயர் உடனே ஓடிப்போய்த் தெற்கு மதகை அடைக்கச் சொல்லிவிட்டார். அரசன் மனம் குளிரும் என்றால் அந்த மனுஷர் எதையும் அடைப்பார்.

தென்பாதி வயல்களுக்கெல்லாம் அந்த ஒரு மதகுதான் கதி. பூவுலிங்கம் என்ற குடியானவர் அரண்மனை விகடன் வெண்காடனைத் தேடி வந்தார். "எய்யா, கதிரு பாலு கட்டுற நேரம். இப்பத் தண்ணி நின்னா நெல்லு இருக்காது, பதருதான் இருக்கும். புள்ளைகளுக்கு என்னத்தப் போட?" என்றார். எப்போதும் ஏதாவது கேலி பேசுகிற வெண்காடன் அன்றைக்குக் கேலியை மூட்டைகட்டி வைத்துவிட்டு, ஏரிச் சபை எப்போது கூடும் என்று கேட்டான்.

ஏரி விவகாரத்தை ஏரிச் சபைதான் முடிவு செய்யும். அந்த நாட்டு வழக்கம் அது. அரசனும் அதற்குக் கட்டுப்பட்டவன். சபையில் குடிமக்கள் தேர்ந்தெடுத்த நால்வர் இருந்தார்கள், பூவுலிங்கம் அவர்களில் ஒருவர். கூடவே அரண்மனைப் பதவிக்காரர்களும் உண்டு. அவர்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. பதவி கிடைத்தால் சபையில் தானாக இடம் கிடைக்கும், பதவி போனால் இடமும் போகும். நல்ல ஏற்பாடுதான், வில்லவராயர் கண்ணில் படும் வரைக்கும். யானைக்கொட்டில், நந்தவனம், களஞ்சியம், மடைப்பள்ளி என்று எந்தப் பதவி காலியானாலும் அவர் சத்தமில்லாமல் அதைத் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டார். தலைமை அமைச்சர் பதவியோடு சேர்த்து ஐந்து பதவி, ஆகவே ஐந்து வாக்கு என்றார். கூட்டத்தில் அவர் ஒரு கையைத் தூக்குவார், எண்ணுகிறவர் ஐந்து என்பார். எண்ணுகிறவர் யார் என்றா கேட்கிறீர்கள்? அவருடைய மைத்துனர்தான்.

மிச்சமிருந்தது விகடன் பதவி ஒன்றுதான், அதற்கும் சபையில் ஓர் இடம் இருந்தது. ஆனால் வெண்காடன் மேல் அரசனுக்கு இருந்த பிரியத்தைப் பார்த்து அமைச்சருக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. விகடன் சபையில் உட்காரலாம், பேசலாம், ஆனால் வாக்கு கிடையாது என்று விதி போட்டுவிட்டார். பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சோறு போடாத கதைதான். இன்னொரு விதியும் அவர் போட்டதே. போன கூட்டத்தில் பூவுலிங்கத்துக்குக் காலில் குரக்குவலி பிடித்து, பாவம், எண்ணும்போது எழுந்து நின்றுவிட்டார். தன் முக்காலியில் உட்கார்ந்து தூக்காத கை செல்லாது என்று அவர் வாக்கை அமைச்சர் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து அதுவே சட்டம்.

மதகை என்ன செய்வது என்று முடிவெடுக்கச் சபை ஏரிக்கரை மண்டபத்தில் கூடியது. அரசனும் வந்து உட்கார்ந்தான். வெண்காடன் எழுந்து, பேச மட்டும் உரிமையுள்ள தான் ஒன்று பேசலாமா என்று கேட்டான். அரசன் தலையசைத்தான்.

"அரசே, இன்றைய விவகாரம் தங்கள் படகைப் பற்றியது. வாக்கு உள்ளவரின் மைத்துனர் எண்ணினால் ஊர் வாய் சும்மா இராது. வாக்கே இல்லாதவன் எண்ணினால் யாரும் குறை சொல்ல முடியாது. இந்தச் சபையில் அப்படிப்பட்டவன் நான் ஒருவன்தான்."

வில்லவராயர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். யார் எண்ணினால் என்ன, நாலைவிட ஐந்து பெரிதுதானே என்பது அவர் கணக்கு.

"அமைச்சர் பெருமானே, ஒரு சந்தேகம். அந்த ஐந்து வாக்கும் தங்களுடையவையா, பதவிகளுடையவையா?"

தன்னுடையவை என்றால் ஓர் ஆளுக்கு எப்படி ஐந்து என்ற கேள்வி வரும். அமைச்சர் நெஞ்சில் கைவைத்து, "அனைத்தும் பதவிகளுடையவை. அடியேனுக்கென்று தனியே எதுவும் இல்லை" என்றார், ரொம்ப அடக்கமாக.

வெண்காடன் உடனே இன்னும் நாலு முக்காலி கொண்டுவரச் சொன்னான். பதவிக்கு ஒன்றாக ஐந்தையும் வரிசையாகப் போட வைத்தான். விதிப்படி முரசு ஒருமுறை முழங்கினால் கை தூக்க வேண்டும், மறுமுறை முழங்குவதற்குள் எண்ணி முடிக்க வேண்டும். மதகைத் திறக்கச் சொல்லி முதலில் குடியானவர் நால்வரும் உட்கார்ந்தபடியே கை தூக்கினார்கள். நாலு.

அடுத்து, அடைத்தே வைக்கச் சொல்பவர்களின் முறை. முரசு முழங்கியது. வில்லவராயர் கம்பீரமாகக் கை தூக்கினார். "தலைமை அமைச்சர், ஒன்று" என்றான் வெண்காடன். பிறகு பக்கத்து முக்காலிக்கு முன்னால் போய்க் கும்பிட்டு, "யானைக்கொட்டில் அதிகாரி இன்னும் வரவில்லையே" என்றான்.

நான்தான் அது என்றார் அமைச்சர். அந்த அதிகாரி தன் முக்காலியில் இல்லையே, தாங்கள் போட்ட விதியாயிற்றே என்றான் இவன். அவர் எரிச்சலோடு அந்த முக்காலிக்குத் தாவினார். "யானைக்கொட்டில் சரி. ஐயோ, தலைமை அமைச்சர் எழுந்து போய்விட்டாரே" என்றான் வெண்காடன். அவர் பழைய இடத்துக்கே பாய்ந்தார், யானைக்கொட்டில் காலியானது. நந்தவனத்துக்கு ஓடினார், களஞ்சியத்துக்கு ஓடினார். தொந்தி ஒரு பக்கம், உத்தரீயம் ஒரு பக்கம். அரசன் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தான். கடைசியில் மனுஷர் ஐந்து முக்காலியின் மேலும் நீட்டிப் படுத்துக் கையைத் தூக்கினார்.

"விதியில் உட்கார வேண்டும் என்றுதான் இருக்கிறது. படுப்பதற்கு விதி இல்லை" என்று வெண்காடன் சொல்லி வாய் மூடவில்லை, நடு முக்காலி புரண்டது. தலைமை அமைச்சர், நந்தவனம், களஞ்சியம் எல்லாம் ஒன்றாகத் தரையில் உருண்டன. தட்டுத்தடுமாறி எழுந்து மடைப்பள்ளி முக்காலியில் உட்கார்ந்து அவர் கை தூக்கவும் மறு முரசு முழங்கவும் சரியாக இருந்தது.

"மடைப்பள்ளி, ஒன்று. ஆக நாலுக்கு ஒன்று" என்றான் வெண்காடன்.

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். திடீரென்று படகு ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது. மண்டபமே அவன் முகத்தைப் பார்த்தது. பூவுலிங்கம் முக்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார்.

"சபை முடிவு செய்துவிட்டது, மதகைத் திறவுங்கள்" என்றான் அரசன். "படகில் போயிருந்தால் இவ்வளவு சிரித்திருக்க மாட்டேன்."

மறு முரசின்போது முக்காலியில் இல்லாத நாலு பதவியையும் அமைச்சரிடமிருந்து அங்கேயே பறித்து, மடைப்பள்ளியை மட்டும் விட்டுவைத்தான். பறித்தவற்றை வெண்காடனுக்கே தருவதாகச் சொன்னான். தனக்கு இருப்பது ஒரு பிருஷ்டம்தான், ஒரு முக்காலியே போதும் என்று வெண்காடன் மறுத்துவிட்டான். சரி, வாக்காவது வைத்துக்கொள் என்றான் அரசன்.

"வேண்டாம் அரசே. வாக்கு வந்தால் நாளைக் காலையே வில்லவராயர் பழத்தட்டோடு என் வீட்டுக்கு வந்துவிடுவார். என் மனைவி அவருக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும்."

அரசன் மறுபடியும் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் கைக்கடகத்தைக் கழற்றி வெண்காடன் கையில் போட்டான். சபையில் எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். பூவுலிங்கம் மட்டும் அங்கே இல்லை. திறவுங்கள் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் மதகுக்கு ஓடிப் போயிருந்தார்.