மேட்டு வளையின் இரண்டாவது வழி

ஏரிக்கரைக் காட்டில் எலிகள் ஆளுக்கொரு வளையில் குடியிருந்தன. வளைக்கு ஒரு கைப்பிடி தானியம். மழைக்காலத்தில் ஏதாவது ஒரு வளைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அந்தக் குடும்பம் பட்டினி கிடக்கும்.

ஒருநாள் பெருச்சாளி எல்லாரையும் கூட்டியது. தோண்டுவதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. அது பெருச்சாளிக்கும் நன்றாகவே தெரியும்!

"ஆளுக்கொரு வளை எதுக்கு? மேட்டுல பெரிசா ஒரே வளை தோண்டுறேன். எல்லாரும் அறை அறையா இருங்க. தானியத்தை ஒண்ணா சேர்த்து வைப்போம்!"

வயிற்றில் குட்டிகளைச் சுமந்திருந்த சுண்டெலி கேட்டது: "தானியத்துக்குப் போற வழி அடைபட்டா, அப்ப எல்லாருக்குமே பட்டினிதானே?"

"அதுக்குத்தான் ரெண்டு களஞ்சியம், ரெண்டு வழி! கிழக்கே எவ்வளவு தானியமோ, மேற்கேயும் அவ்வளவு. ஒண்ணு போனா இன்னொண்ணு!"

எலிகள் குதூகலித்தன. சுண்டெலிக்கும் மனம் நிறைந்தது.

பெருச்சாளி வேலையைத் தொடங்கியது. கிழக்கு வழி மருதமரத்து வேருக்கு அடியில் மெத்தென்ற மண்ணில் சுலபமாகப் போனது. அறைகளிலிருந்து மேற்கே போகும் வாசலில் கொஞ்சம் தோண்டியதுமே சரளைக்கல் வந்தது. நகம் வலித்தது. 'மழைக்குள் முடிக்க வேண்டுமே' என்று பெருச்சாளி யோசித்தது. மேற்கு வழியைப் பக்கவாட்டில் வளைத்துக் கிழக்கு வழியிலேயே சேர்த்தது. வேரைக் கடந்த பிறகு மறுபடி மேற்கே பிரித்துவிட்டது. வளைக்குள் எத்தனையோ கிளைகள் இருந்ததால் இதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

எலிகள் இரண்டு களஞ்சியங்களையும் வெளியிலிருந்தே நிரப்பின. பிறகு வெளிவாய்களைச் சேறு பூசி அடைத்தன. தினமும் தானியம் எடுத்துவரக் கிழக்கு வழி போதுமாக இருந்தது. மேற்கு வாசலைக் காட்டிப் பெருமை பேசியதோடு சரி.

மழைக்கு முன் சுண்டெலி ஒரு யோசனை சொன்னது. "ஒருநாள் கிழக்கு வழியை மூடிட்டு, மேற்கு வழியில போய்ப் பார்ப்போமே!"

"நல்லா இருக்கிற வழியை யாராவது மூடுவாங்களா?" என்று பெருச்சாளி சீறியது.

"தோண்டினவரையே சந்தேகப்படுறியா?" என்று மற்ற எலிகளும் சேர்ந்துகொண்டன. சுண்டெலி வாயை மூடிக்கொண்டது. இன்னும் ஒருமுறை கேட்டிருக்கலாம். பாவம், அதற்கும் ஊரோடு ஒத்துப்போக வேண்டியிருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. மேட்டைச் சுற்றிலும் வெள்ளம்; வெளியே தலைகாட்ட முடியவில்லை. சுண்டெலி குட்டிகளை ஈன்றது. அந்தச் சமயத்தில் மருதமரம் சாய்ந்தது. வேரடி மண் சரிந்து கிழக்கு வழி அடைபட்டது.

"பயப்படாதீங்க! மேற்கு வழி இருக்கு!" என்று எலிகள் ஓடின. வளைவு தாண்டியதும் முட்டிக்கொண்டன. எதிரே அதே வேர், அதே சேறு! பட்டினியோடு இரண்டு நாள் அள்ள அள்ளச் சேறு இறங்கிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு வழின்னு சொன்னீங்களே!" என்று எலிகள் அலறின.

பெருச்சாளி தலைகுனிந்தது. "வாசல்தான் ரெண்டு. வேருக்கு அடியில வழி ஒண்ணுதான். சரளைக்குப் பயந்து நான்தான் சேர்த்துட்டேன்."

அதைத் திட்டக்கூட யாருக்கும் தெம்பில்லை. இரண்டு களஞ்சியங்களிலும் தானியம் நிறைந்து கிடந்தது. வளைக்குள் சுண்டெலிக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது.

பெருச்சாளி நேராக மேற்கு வாசலுக்குப் போனது. எந்தச் சரளையைக் கண்டு ஒதுங்கியதோ, அதையே தோண்ட ஆரம்பித்தது. நகங்கள் பிய்ந்தன. நிறுத்தவில்லை. கடைசியில் மேற்குக் களஞ்சியத்தின் சுவர் உடைந்தது. வாய் நிறையத் தானியத்தோடு அது சுண்டெலியிடம் ஓடியது.

சுண்டெலி சாப்பிட்டது. பால் ஊறியது. குட்டிகள் முட்டி மோதிக் குடித்தன. எல்லாவற்றிலும் சிறிய குட்டி மட்டும் அசையவில்லை. சுண்டெலி அதை மூக்கால் மெல்லத் தள்ளித் தள்ளிப் பார்த்தது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டது.

 பெருச்சாளி அழுதது.

மழை விட்டதும் பெருச்சாளி தானே கிழக்கு வழியைச் சீராக்கியது. பிறகு அதன் வாசலில் மண்ணைத் தள்ளி மூடியது. "இன்னைக்கு எல்லாரும் மேற்கு வழியிலதான் போகணும். எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க!" என்றது. இந்த முறை யாரும் முணுமுணுக்கவில்லை.

குழந்தைகளே, பெரியவர்களே, ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றில் நடந்து பார்க்காதவரை, இரண்டு வழி இருக்கிறது என்று யாரையும் நம்ப வைக்காதீர்கள்.