பூனை மண் போட்டு மூடிய கதை

அந்தக் காலத்தில் நாய்க்கும் பூனைக்கும் ஒரே சட்டி. ஒரே சட்டியில் தின்று, ஒரே சாக்கில் சுருண்டு, ஒன்றின் முதுகில் மற்றொன்று தலையை வைத்துத் தூங்கும். மனிதர்கள் பேசுகிற அதே பேச்சு அவற்றுக்கும் இருந்தது. பேச்சு வந்தால் கோள் சொல்லவும் வரும் என்பதை மட்டும் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஆவுடையாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சங்கிலி. கொஞ்சம் கம்பங்காடு, ஒரு வீடு, வீட்டுக்குள் தானியம் கொட்டிவைக்க ஆள் உயரத்தில் ஒரு மண் குலுக்கை. அடுத்த மழைக்கு விதைக்கவேண்டிய கம்பு முழுக்க அந்தக் குலுக்கையில்தான் இருந்தது. அதற்குக் காவல் ஒரு பூனை. களத்துக்கும் வாசலுக்கும் காவல் கருவாயன் என்ற கறுப்பு நாய். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் அவனும் உள்ளே வந்துவிடுவான்.

பூனைக்கு ஆவுடையாள் சீமாட்டி என்று பேர் வைத்திருந்தாள். எலி பிடிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அது குலுக்கை மேல் உட்கார்ந்து தன் உடம்பை நக்கிக்கொண்டிருக்கும். காலை நக்கும், வாலை நக்கும், முதுகுக்குக் கழுத்தைத் திருப்பி நக்கும். அதைப் பார்த்துத்தான் கேலியாக அந்தப் பேர். கேலி என்று சீமாட்டிக்குத் தெரியாது. மரியாதை என்றே நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நக்கியது.

பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் சீமாட்டிக்கு வாந்தி தொடங்கியது. காலையில் கம்பங்கூழில் கருவாட்டைப் பிசைந்து வைத்தால் தின்னும். சட்டியை விட்டு நாலு அடி நகர்வதற்குள் வயிறு குழிந்து, கழுத்து நீண்டு, எல்லாம் வெளியே வந்துவிடும். சில வேளை வெறும் நுரைதான் வரும். கக்கியதைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் பூனைக்கு அப்போது கிடையாது. அது பாட்டுக்கு எழுந்து குலுக்கை மேல் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து நக்கத் தொடங்கும். ஆவுடையாள்தான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சாம்பலைப் போட்டுக் கூட்டித் தள்ளுவாள். அவளும் என்ன வந்திருக்கிறது என்று பார்த்ததில்லை.

நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் சங்கிலி சாப்பிட உட்கார்ந்தபோது, அவன் இலைக்கு ஒரு முழம் தள்ளி சீமாட்டி கக்கியது. அவன் கையை உதறிவிட்டு எழுந்தான்.

"ஏட்டி, இந்தச் சீக்குப் பூனைய வச்சிக்கிட்டு என்ன செய்ய? எலி எப்பம் பிடிச்சது கடைசியா?"

"முந்தாநேத்து ஒண்ணு…"

"அது தானா செத்துக் கெடந்த எலி. நான்தான் பாத்தேனே. வார சந்தைக்குள்ள சரியாகலைன்னா சாக்குல கெட்டி ஆத்துக்கு அங்கிட்டு விட்டுட்டு வாரேன். வேற குட்டி வாங்கிக்கிடலாம். வெதக் கம்பு போச்சுன்னா அப்புறம் நாமளும் சாக்கத் தூக்கிக்கிட்டுப் போவேண்டியதுதான்."

ஆவுடையாளுக்கு மனசு கேட்கவில்லை. "அது தானா சீக்காகலைங்க. போன வாரம்வரைக்கும் துள்ளிக்கிட்டுத் திரிஞ்ச பூனை. யாரோ என்னத்தையோ வைக்காவ. யாருன்னு மட்டும் தெரியட்டும், அந்த ஆளுதான் இந்த வீட்டுப் பக்கம் வரமுடியாது."

குலுக்கை மேலிருந்த சீமாட்டியின் காது இரண்டும் நிமிர்ந்தன. சங்கதி அதற்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. சீக்கு தன்னுடையது என்றால் சாக்குக்குள் போவது தான். சீக்கு வேறு யாரோ வைத்தது என்றால் வெளியே போவது அந்த ஆள். அந்த நிமிஷத்திலிருந்து சீமாட்டி எலியைத் தேடுவதை விட்டுவிட்டு ஆளைத் தேடத் தொடங்கியது.

முதலில் பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் மேல் சந்தேகம். அவள்தான் கருவாட்டுத் தலைகளைச் சுவருக்கு மேலாகத் தூக்கிப் போடுகிறவள். "சும்மா ஒருத்தி எதுக்கு ஆத்தா கருவாடு தரணும்?" என்று சீமாட்டி கேட்டது. கேட்பது நியாயந்தானே என்று ஆவுடையாளுக்கும் பட்டது. அன்றோடு கருவாட்டுத் தலை நின்றது. வாந்தி நிற்கவில்லை. அப்புறம் கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்தப் புகைக்குத் தும்மித் தும்மி சீமாட்டி வழக்கத்தைவிட ஒரு தரம் கூடுதலாகக் கக்கியது. பால்காரியைச் சந்தேகப்பட்டுப் பாலை நிறுத்தினார்கள். கோழி ஒன்று அதை ஒரு மாதிரியாகப் பார்க்கிறது என்றுகூடச் சீமாட்டி சொல்லிப் பார்த்தது. கோழி எல்லாரையும் அப்படித்தான் பார்க்கும் என்று ஆவுடையாள் விட்டுவிட்டாள்.

சந்தைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

கருவாயனுக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சட்டியருகில் சீமாட்டி சோர்ந்து படுத்திருந்தபோது மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தங்கச்சி, நான் சொல்லுததக் கேளு. ஒரு பொழுது வயித்தக் காயப்போடு. தண்ணிய மட்டும் கொஞ்சங் கொஞ்சமா நக்கிக் குடி. அப்புறம், கக்குனியே, அது என்னதுன்னு திரும்பிப் பாத்தியா?"

"சீ! அத யாரு பாப்பா?"

"அதப் பாத்தாத்தானே உள்ள என்ன இருக்குன்னு தெரியும்? வெளிய இருக்கவங்க மொகத்தப் பாத்து என்ன தெரியப்போவுது?"

சீமாட்டி தலையை மட்டும் தூக்கியது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. வயிற்றைக் காயப்போடு என்கிறான். நான் காயப்போட்டால் சட்டியில் இருப்பதெல்லாம் யார் வயிற்றுக்குப் போகும்? அதோடு இன்னொன்றும் அதற்கு உறைத்தது. சட்டி ஒன்று, கூழ் ஒன்று, கருவாடு ஒன்று. தனக்கு மட்டும் வாந்தி. இவனுக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை. இத்தனை நாள் எப்படி இது கண்ணில் படாமல் போனது! இருவர் தின்கிற சட்டியில் ஒருத்தருக்கு மட்டும் கேடு வந்தால் மற்றவர் என்ன செய்கிறார் என்று பார்க்கவேண்டாமா?

அன்றிலிருந்து பார்த்தது. கருவாயன் வாலாட்டினால் எதற்கு ஆட்டுகிறான் என்று பார்த்தது. ஆட்டாவிட்டால் ஏன் ஆட்டவில்லை என்று பார்த்தது. அவன் இரண்டு தரம் களத்துப் பக்கம் போய் எதையோ கடித்துக்கொண்டு வந்ததையும் பார்த்துவிட்டது.

மறுநாள் காலை கூழ் தின்று முடித்தபோது அதன் பல்லிடுக்கில் ஏதோ சிக்கியது. காலால் தட்டி எடுத்துப் பார்த்தால் பச்சை நார். கூழில் பச்சை எங்கிருந்து வந்தது? சீமாட்டி குலுக்கை மேல் ஏறி அங்கே சாத்தியிருந்த மூங்கில் தட்டுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது. மதியம் ஆவுடையாள் சட்டியில் கூழை ஊற்றிவிட்டுக் கொல்லைக்குப் போனாள். கருவாயன் வந்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். வாயில் கவ்வியிருந்ததைச் சட்டிக்குள் போட்டு, மூக்கால் அமுக்கிக் கலக்கினான்.

"ஆத்தா! ஓடியாங்க ஆத்தா! புடிச்சிட்டேன்!"

ஆவுடையாள் விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். பின்னாலேயே சங்கிலியும் வந்தான். சட்டிக்குள் கையை விட்டால் பச்சைப் பச்சையாக வந்தது.

"என்னலே இது?"

"அறுகம்புல்லு ஆத்தா," என்றான் கருவாயன். "எங்க அம்ம சொல்லித் தந்தது. வயித்துல எது அடைச்சாலும் இது போயி வெளிய கொண்டாந்துரும்."

"நாயி புல்லு திங்குமாலே? நீ என்ன மாடா?" என்று சங்கிலி கேட்டான்.

"வயிறு சரியில்லைன்னா நான் தின்பேன்."

"அப்பம் ஏன் களவாணி மாதிரி ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டுப் போட்ட?"

கருவாயன் தலையைத் தொங்கப்போட்டான். "சொல்லிக் கொடுத்தா தங்கச்சி திங்காது. நேத்துல இருந்து நான் என்ன சொன்னாலும் ஒரு மாதிரியாத்தான் பாக்கு."

உண்மையைத்தான் சொன்னான். ஆனால் திருடன் சொல்கிற பொய் மாதிரியே இருந்தது அது. ஆவுடையாள் பூனைப் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு சீமாட்டி. கூடவே கெடந்தவ நீ. இவந்தானா?"

சீமாட்டி கருவாயனைப் பார்த்தது. அவன் முகத்தில் பயமே இல்லை. தங்கச்சிக்குத் தன்னைத் தெரியாதா என்ற நினைப்பில் வாலைக்கூட லேசாக ஆட்டினான். இவன்தானா? சீமாட்டிக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் நாளை மறுநாள் சந்தை, சாக்கு, ஆற்றுக்கு அங்கிட்டு.

"இவந்தான் ஆத்தா," என்றது சீமாட்டி.

விளக்குமாறு இரண்டு அடி அடித்தது. "இனி இந்த நிலைப்படியத் தாண்டி உள்ள வந்தன்னா காலு இருக்காது" என்று சங்கிலி விரட்டினான். கருவாயன் வாலை ஒடுக்கிக்கொண்டான். வாசலில் இறங்கி நின்று ஒரு தரம் திரும்பி, "சட்டியில இன்னும் ரெண்டு புல்லு கெடக்கும். விட்டுராத, தின்னுரு தங்கச்சி" என்று மட்டும் சொன்னான். பாவிப்பயல், அப்போதும் அதைத்தான் சொன்னான்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்தபோது சீமாட்டிக்கு வயிறு புரட்டியது. ஆள் வெளியே போய்விட்ட பிறகும் வாந்தி என்றால் கதை கந்தலாகிவிடுமே! குலுக்கையிலிருந்து குதித்துக் கொல்லைக்கு ஓடி, கம்பந்தட்டை அடுக்கிய படப்புக்குப் பின்னால் போய் நின்றது. இதுவரை இல்லாத புரட்டல். முதுகு வில்லாக வளைந்து, கண்ணில் நீர் வந்து, கடைசியில் விரல் நீளத்துக்கு ஏதோ ஒன்று வெளியே விழுந்தது. வயிறு சட்டென்று லேசானது. பூனை பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, கக்கியதைத் திரும்பிப் பார்த்தது.

நனைந்த கயிறு மாதிரி இருந்தது. அறுகம்புல் நாலைந்து, அதைச் சுற்றிச் சுற்றி முடி. காலால் கிளறியது. சிவப்பும் வெள்ளையுமான முடி. கருவாயன் கறுப்பு. ஆவுடையாள் முடி நீளமானது. அந்த வீட்டில் சிவப்பும் வெள்ளையுமாக உடம்பு உள்ளது ஒரே ஆள்தான். அந்த ஆளின் நாக்கில் அப்போதும் அதே சிவப்பு முடி இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

சீமாட்டிக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாள் ஊரையெல்லாம் முறைத்துப் பார்த்துத் தேடிய ஆள் தானேதான். வெயிலில் உதிர்ந்த முடியை நக்கி நக்கி விழுங்கியதும் தானே. அதை வெளியே எடுத்தது கருவாயன் போட்ட புல்.

"சீமாட்டி! அங்கன என்னட்டி பண்ணுத?" ஆவுடையாளின் காலடி படப்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

சொல்ல அதுதான் நேரம். சொன்னால் கருவாயன் உள்ளே வருவான். தான் பொய் சொன்னதும், சீக்கு தன்னுடையதுதான் என்பதும் கூடவே வரும். சீமாட்டி முன்காலால் அவசர அவசரமாக மண்ணைப் பறித்து அதன் மேல் போட்டு மூடியது. மோந்து பார்த்தது. இன்னும் கொஞ்சம் போட்டது.

"ஒண்ணுமில்ல ஆத்தா. சும்மா."

அதற்குப் பிறகு வாந்தி வரவில்லை. அடுத்த நாளும் இல்லை, சந்தை நாளும் இல்லை. சீமாட்டி இரண்டு எலியும் பிடித்தது. "பாத்தீங்களா? அந்தப் பய வெளிய போனான், இவளுக்கு நின்னு போச்சு" என்றாள் ஆவுடையாள். "அவனப் போயி நம்பினோமே" என்றான் சங்கிலி. சட்டி முழுவதும் சீமாட்டிக்கே வந்தது. ஆனால் பாதிக்கு மேல் அதற்கு இறங்கவில்லை.

வாசலைத் தாண்டாமல் எத்தனை நாள் இருக்கமுடியும்? ஒரு காலையில் அது நிலைப்படியை விட்டு இறங்கியபோது வாசலில் நின்ற வண்டியின் சக்கர நிழலிலிருந்து கருவாயன் எழுந்து வந்தான். விலா எலும்பு தெரிந்தது. வால் ஆடியது.

"தங்கச்சி, வயிறு சரியாயிடுச்சா?"

சீமாட்டி நின்றுவிட்டது.

"கக்குனதத் திரும்பிப் பாத்தியா? என்ன இருந்துச்சு?"

எதற்குக் கேட்கிறான்? படப்புக்குப் பின்னால் வந்து தோண்டிப் பார்த்துவிட்டானா? தெரிந்துகொண்டுதான் கேட்கிறானா? சீமாட்டி உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தது. அந்த ஒரு சொல் தொண்டையில் குறுக்கே நின்றுகொண்டது. முதுகு தானாக மேலே எழும்பியது, முடியெல்லாம் குத்திட்டு நின்றது, வாயிலிருந்து வெறும் "ஸ்ஸ்ஸ்" என்ற காற்றுதான் வந்தது. அந்தச் சொல்லைத் தாண்டி வேறு எந்தப் பேச்சும் அதற்குப் பிறகு வரவில்லை. அது ஓடியது. பதில் கிடைக்காத கருவாயன் பின்னாலேயே ஓடினான்.

அன்று முதல்தான் பூனை, வயிறு சரியில்லாதபோது ஆளில்லாத இடமாகப் போய் அறுகம்புல் தின்கிறது, தன்னிடமிருந்து வெளியே போனதை மண் போட்டு மூடுகிறது, நாயைக் கண்ட இடத்தில் முதுகைத் தூக்கிச் சீறுகிறது. நாயோ வாசலிலேயே படுத்துக் கிடந்து, பூனை தாண்டிப் போகும்போதெல்லாம், என்ன இருந்துச்சு, என்ன இருந்துச்சு என்று குரைத்துக் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடுகிறது.