இரண்டு மன்னரும் நாலு சிப்பமும்

கொன்றையூர் மன்னர் வேங்கைமாறனுக்கு ஒருநாள் பல்வலி வந்தது. வலி போனால் தன் எடைக்கு எடை வெல்லம் தருவதாக மலைக்கோவில் முருகனுக்கு வேண்டிக்கொண்டார். வலி போனது. பசி வந்தது. ஆறு மாதம் அதிரசமாகத் தின்று தீர்த்த பிறகுதான் வேண்டுதல் ஞாபகத்துக்கு வந்தது.

மலையடிவாரத்தில் தராசு கட்டினார்கள். மன்னர் அதைச் சுற்றித் திரை போடச் சொன்னார். கூடவே ஒரு கட்டளை: "என் எடை யார் வாயிலிருந்து வருகிறதோ, அவரே அத்தனை வெல்லத்தையும் சிப்பம் சிப்பமாகத் தலையில் சுமந்து முந்நூறு படி ஏற வேண்டும்."

கோவில் குருக்கள் தயக்கத்தோடு இழுத்தார். "எடையைச் சபையறிய உண்மையாகச் சொன்னால்தான் வேண்டுதல் நிறைவேறும், மகாராஜா. இல்லாவிட்டால் வலி திரும்பி வரலாம்."

மன்னர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

கணித சிரோமணி அகத்தீசர் எழுந்தார். தம் குடுமியைக் கேலி செய்த அரசவை விகடக்காரி பொன்னாச்சியை அவருக்கு ஆகவே ஆகாது. "அந்தப் பேறு பொன்னாச்சிக்கே கிடைக்கட்டும். வாய் அவளுக்குத்தானே நீளம்."

மன்னர் தராசில் ஏறி உட்கார்ந்ததும், பொன்னாச்சி திரைக்குள் போய் எதிர்த்தட்டில் ஏற்றிய வெல்லச் சிப்பங்களை எண்ணினாள். பதினாலு. பதினாலு முறை முந்நூறு படி. எண்ணும்போதே முழங்கால் வலித்தது. மெதுவாக வெளியே வந்தாள்.

"சபையோரே, நம் மன்னர் எடையில் இரண்டு மன்னர் ஒரு தட்டில் உட்கார்ந்து, மடியில் நாலு சிப்பமும் வைத்துக்கொண்டால், எதிர்த்தட்டில் முப்பத்திரண்டு சிப்பம் வைக்க வேண்டும். இது சத்தியம்."

சபை விழித்தது. சேனாபதி தன் விரல்கள் போதாமல் பக்கத்து ஆளின் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார். மன்னருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"யாருக்கும் புரியவில்லையே?"

"புரியாது, மகாராஜா. இந்த முடிச்சை அவிழ்க்கிற மூளை கொன்றையூரிலேயே கிடையாது."

அகத்தீசரின் காது சிவந்தது. "கிடையாதா? கேள். முதலில் மடியில் உள்ள நாலைக் கீழே இறக்கு. இந்தத் தட்டில் குறைத்தால் அந்தத் தட்டிலும் அதே அளவு குறைக்க வேண்டும். முப்பத்திரண்டில் நாலு போனால்?"

"நீங்களே சொல்லுங்கள், ஐயா."

"இருபத்தெட்டு. அது இரண்டு மன்னருக்கு. இந்தத் தட்டைப் பாதியாக்கு, அந்தத் தட்டையும் பாதியாக்கு. ஒரு மன்னர், பதினாலு சிப்பம்."

குரல் கொஞ்சம் கம்பீரமாகவே வந்துவிட்டது. பதினாலு, பதினாலு என்று மலை திருப்பிச் சொன்னது. குருக்கள் மணியடித்தார். வேண்டுதல் நிறைவேறியது.

"சொன்னது இவள்தான்" என்றார் அகத்தீசர், குரல் இறங்கி.

"இல்லாத இன்னொரு மன்னரையும் சேர்த்தல்லவா நான் சொன்னேன். இருக்கிற மன்னரைத் தனியாக நிறுத்துச் சொன்னது நீங்கள், ஐயா."

கோபப்பட வாயைத் திறந்த மன்னர், முதல் சிப்பத்தோடு குடுமி அசைய ஏறும் சிரோமணியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். தனக்கு ஒரு தட்டு, பொன்னாச்சிக்கு ஒரு தட்டு என்று அதிரசம் வரவழைத்தார்.

பொன்னாச்சி தன் தட்டில் இரண்டைத் தின்றாள். பிறகு மன்னர் தட்டிலிருந்து இரண்டை எடுத்து, மூச்சு வாங்க இறங்கி வந்த அகத்தீசர் கையில் வைத்தாள்.

"என்ன செய்கிறாய்?" என்றார் மன்னர்.

"சிரோமணி சொன்ன விதிதான், மகாராஜா. இந்தத் தட்டில் குறைந்தால் அந்தத் தட்டிலும் குறைய வேண்டும். அடுத்த பல்வலிக்குப் படி ஏறப்போகிறவரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்."