ஒன்றும் ஆகாத ஆட்டம்

கூத்தனேரி ஜமீன்தாருக்குச் சாப்பாடு முடிந்ததும் கதையாட்டம் வேண்டும். அவர் ராஜாவாக இருந்து தான் செய்வதைச் சொல்வார். ஆட்டத்தைக் கட்டிய சமையல்காரி சிட்டம்மா சோழி உருட்டி, அதனால் நடந்ததைச் சொல்வாள்.

ஒருநாள் ராஜா கதையிலிருந்த மாந்தோப்பை வெட்டினார். மறுநாள் ஆட்டத்தில் அவர் படை ஒதுங்க நிழலில்லாமல் சுருண்டு விழுந்தது. ஜமீன்தாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் என்ன செஞ்சாலும் அதனாலே ஒண்ணும் ஆகக்கூடாது. நாளைக்கு விருந்தாளிங்க முன்னாலே அப்படி ஒரு ஆட்டம் போடு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ."

மறுநாள் சபை கூடியது.

"ஊரைக் கொளுத்துறேன்" என்றார் ஜமீன்தார்.

"ஒண்ணும் ஆகலை எஜமான்."

பூரித்துப்போனார். "எதிரி ராஜாவை வெட்டுறேன்."

"ஒண்ணும் ஆகலை எஜமான். நின்னு வெத்தலை மெல்லுறான்."

"ஊருக்கே பொன்னை வாரிக் கொடுக்கிறேன்."

"ஒண்ணும் ஆகலை. ஒருத்தரும் கும்பிடலை."

விருந்தாளிகள் மீசைக்குள் சிரித்தார்கள்.

"அப்புறம் இந்தக் கதையிலே ராஜா எதுக்கு?" என்று சீறினார் ஜமீன்தார்.

சிட்டம்மா சோழிகளைப் பொறுக்கினாள். "கதைக்குள்ளே குடிஜனங்களும் அதைத்தான் கேக்குறாங்க எஜமான்."

ஜமீன்தார் மீசையைத் தடவிக்கொண்டார்.

"சரி, பழைய ஆட்டத்தையே போடு. முதல்லே மாங்கன்னு நடுறேன்."

"நடுங்க எஜமான். நிழலுக்குத்தான் கொஞ்சம் பொறுக்கணும்."