ஆள்காட்டி முணுமுணுத்த நாள்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்தக் கதையில் எல்லாப் புதருக்கும் காது உண்டு. மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

ஆத்திக்குளத்துக் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தாள். பெயர் மஞ்சக்காலி. ஆள்காட்டியைப் பார்த்திருப்பீர்கள். கண்ணோரம் சிவப்பு, நெட்டைக் கால், வாய் மட்டும் ஓயவே ஓயாது. புலி வந்தாலும் கத்துவாள், பூனை வந்தாலும் கத்துவாள். அந்தக் கத்தலை நம்பித்தான் மான் கூட்டம் அந்தக் குளத்தில் தலை குனிந்து தண்ணீர் குடித்தது. ஆபத்து தூரத்தில் இருக்கும்போதே அவள் குரல் கொடுத்துவிடுவாள். மான்களும் பதறாமல் நடந்தே பக்கத்து மொட்டைப்பாறையில் ஏறிவிடும்.

அந்தக் காட்டுக்கு ராசா ஒரு கிழட்டுக் கடமான். கொம்பய்யா என்று பெயர். போன மழைக்காலத்தில் அவருடைய பேரக்குட்டியைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. மஞ்சக்காலி கத்தத்தான் செய்தாள். குட்டிதான் தப்பான பக்கம் ஓடிவிட்டது. அன்றிலிருந்து ராசாவுக்கு நிம்மதி போச்சு. இலை அசைந்தால் திரும்புவார். திரும்பிய பக்கம் ஒன்றும் இல்லையென்றால் இன்னும் பயப்படுவார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் ஒரு நரி. காதறுந்தான் என்பார்கள். ஒரு காது பாதிதான் இருக்கும், மற்றது எப்போதும் விறைத்து நிற்கும். அவன் ராசாவிடம் சொன்ன கணக்கு இதுதான். ஆள்காட்டி கத்தினால் மானுக்கும் கேட்கிறது, சிறுத்தைக்கும் கேட்கிறது. அதனால் சேதி ரகசியமாக இருக்க வேண்டும். எல்லாம் முதலில் தன்னிடம் வரவேண்டும்.

ராசா தலையாட்டினார். ஓணான், அணில், கிளி என்று புதருக்கு ஓர் ஆளை உட்கார வைத்தான் நரி. எந்த முயல் ராசாவின் கொம்பைப் பார்த்துச் சிரித்தது, எந்த மயில் யாரோடு பேசவில்லை, எல்லாம் நரி இருந்த ஆலமரத்தடிக்கு வந்து குவிந்தது. நரிக்கு ஒரே ஒரு விதி. தானாக வந்து சொல்வது பொய், ஒட்டுக்கேட்டதுதான் மெய்.

மஞ்சக்காலிக்கு ஒரு கீரியைக் காவல் போட்டார்கள். அவள் முட்டையிடுவது வெறும் தரையில், கூழாங்கல்லுக்கு நடுவில். பக்கத்துப் புங்கை நிழலில் கீரி படுத்துக்கொண்டான். உத்தரவு இல்லாமல் கத்தினால் முட்டை அவனுக்கு.

"பயப்படாதீங்க அக்கா," என்றான் கீரி. "நீங்க பாட்டுக்கு வாயை மூடிட்டு இருங்க. நான் பாட்டுக்குப் பட்டினியா இருக்கேன்."

சொல்லும்போதே அவன் கண் முட்டையில்தான் இருந்தது.

கோடை முற்றியது. குளம் சுருங்கிப்போச்சு. உச்சி வெயிலில் மொத்தக் கூட்டமும் அவள் முட்டையைச் சுற்றித்தான் நிற்கும், குட்டிகள் அங்கேயே படுக்கும். ஒவ்வொரு குளம்பும் கீழே இறங்கும்போது மஞ்சக்காலிக்கு உயிர் போய் வரும்.

அப்படி இருக்க, ஒரு காலையில் அவள் புருசன் நெட்டையன் காட்டின் எல்லையிலிருந்து மூச்சுவாங்கப் பறந்து வந்தான். செந்நாய்க் கூட்டம் வருகிறதாம். புல்லுக்குள்ளே மூன்று பக்கமாகப் பிரிந்து வருகிறதாம். மத்தியானம் குளத்துக்கு வந்துவிடுமாம்.

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது கத்தல். கீரியைப் பார்த்தாள், விழுங்கிக்கொண்டாள். முட்டையில் நெட்டையனை உட்கார வைத்துவிட்டு நேரே ஆலமரத்தடிக்கு ஓடினாள்.

நரி அவளை வெயிலில் நிற்க வைத்தே விசாரித்தான். வேறு யார் பார்த்தது, புருசனுக்கு எல்லையில் என்ன வேலை, இதைச் சொல்வதால் அவளுக்கு என்ன லாபம் என்று அடுக்கினான். கடைசியில் அவனே கண்டுபிடித்துவிட்டான். மந்தையை விரட்டிவிட்டால் இவள் முட்டை மிதிபடாது, அதற்குத்தான் இந்தக் கதை.

"என் முட்டையும் பிழைக்கும், மானும் பிழைக்கும். அதுல என்னங்கய்யா தப்பு?" என்றாள் மஞ்சக்காலி. "எல்லையில உங்க ஆளு யாரு இருக்கா? அவங்களையாவது கேளுங்க."

"அது ரகசியம்," என்றான் நரி.

எல்லையில் யாரும் இல்லை. அத்தனை பேரும் மான்களின் பேச்சைக் கேட்கப் புதருக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பி வந்தாள். முட்டை சூடேறாமல் இருக்க வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு முட்டைமேல் உட்கார்ந்தாள். முன்னே மாதிரி சேதி வந்ததுமே கத்தியிருந்தால் மந்தை நடந்து போயிருக்கும். இவ்வளவு தாமதமான பிறகு கத்தினால் நடக்காது, ஓடும். ஓடினால் குளம்பெல்லாம் முட்டைமேல்தான். குளம்பு தப்பினாலும் கீரி விடமாட்டான். கத்தாமல் இருந்தால் செந்நாய்.

கீரி தூங்குவதுபோல் கிடந்தான். காது மட்டும் தூங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், புருசன் பக்கம் மெதுவாகக் குனிந்தாள்.

"ஏங்க, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்று முணுமுணுத்தாள். "மத்தியானம் மொட்டைப்பாறை மேல வேற ஒருத்தருக்கு ராசா பட்டமாம். ராசாவுக்குத் துரோகம் நினைக்கிறவங்க சிலபேரு, சந்தேகம் வராம இருக்கக் குளத்துலயே தங்கிடுவாங்களாம்."

"எவன் சொன்னான் உனக்கு?" என்று வாயைத் திறந்தான் நெட்டையன். அவள் அவன் காலை ஒரு மிதி மிதித்தாள்.

யாருக்குப் பட்டம் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் ஒரு தலை உருளும் என்று அவளுக்குத் தெரியும்.

கீரி சோம்பல் முறித்தான். எழுந்தான். புதருக்குள் நுழைந்ததும் எடுத்தானே ஓட்டம், ஆலமரத்தடியில் நரி முன்னால்தான் நின்றான்.

செந்நாய்ச் சேதிக்கு நேரம் இல்லாத நரிக்கு இதற்கு மட்டும் நேரம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ராசா குளக்கரையில் நின்றார். மொத்தக் கூட்டமும் வரிசையாகத் தன்னோடு மொட்டைப்பாறைக்கு வரவேண்டும், ஓடக்கூடாது, ஒரு குட்டிகூடப் பின்தங்கக்கூடாது, தங்கினால் துரோகி என்று சொல்லிவிட்டார். மான்கள் நடந்தன. முட்டையை ஓரமாகத் தாண்டித் தாண்டி நடந்தன.

கரை காலியானதும் புல் அசைந்தது. சிவப்பு சிவப்பாக உடம்புகள் மூன்று பக்கமும் வெளியே வந்தன. ஒரு செந்நாய் மஞ்சக்காலிக்குப் பக்கத்தில் வந்து மோப்பம் பிடித்தது. அதன் மூச்சு அவள் முதுகில் பட்டது. பிறந்த நாளிலிருந்து வாயை மூடாதவள், அப்போது கல்லோடு கல்லாகக் கிடந்தாள். நாய்கள் பாறையை அண்ணாந்து பார்த்தன. ஏறுகிற வழி ஒன்றுதான். அதை மறித்து வரிசையாகக் கொம்புகள். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த வழியே போய்விட்டன.

கூட்டம் கீழே இறங்கியபோது நரிதான் முன்னால் வந்தான். தன் படையின் ரகசியச் சேதிதான் எல்லாரையும் காப்பாற்றியது என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

ராசா மஞ்சக்காலியின் முன் நின்றார். "உனக்குத் தெரியுமா அம்மா, செந்நாய் வர்றது?"

"தெரியும் மகாராசா. போய்ச் சொன்னேன், நம்பலை. அதனால அவங்க நம்புற மாதிரிச் சொன்னேன். பட்டமும் இல்ல, துரோகியும் இல்ல. அந்தப் பொய்க்கு மன்னிச்சுக்கங்க."

ராசா திரும்பிப் பார்த்தார். கூட்டத்துக்கு வெளியே தனியாக நின்றது ஓர் இளங்கடமான். அவருடைய தங்கை மகன். பாறைமேல் அவனைத்தான் குற்றவாளியாக நிறுத்தியிருந்தார்கள்.

"அப்போ என் மருமகன் பேரை யாரு சொன்னது?"

"நான் யாரு பேரையும் சொல்லலையே."

ராசா நரியைப் பார்த்தார். நரி கீரியைப் பார்த்தான். கீரி தரையைப் பார்த்தான். மஞ்சக்காலியின் வாயிலிருந்து புறப்பட்டபோது இல்லாத பெயர், ஆலமரத்தடியைத் தாண்டும்போது முளைத்திருந்தது.

"அவ செந்நாய்னு வந்து சொன்னாளா இல்லையா?"

"சொன்னா மகாராசா. விசாரணையில இருக்கு," என்றான் நரி.

ராசா மருமகனைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பிறகு கீரியைப் புங்கை நிழலை விட்டுப் போகச் சொன்னார். மற்றதைப் பார்க்கலாம் என்றார். புதருக்குள் இருந்த ஓணான்கள் அப்படியேதான் இருந்தன. அவற்றைக் கிளப்ப ராசாவுக்கு இன்னும் மனம் வரவில்லை.

நேரே வந்து சொல்பவர் வாயைக் கட்டிவிட்டு அடுத்தவர் முணுமுணுப்பை அள்ளிச் சேர்க்கிற அரசுக்கு எத்தனை காது இருந்தாலும், பகை வரும்போது அது செவிடுதான்.

மஞ்சக்காலி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையில் உட்கார்ந்தாள். அக்கரைப் புல்லில் என்னவோ அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம். புங்கை நிழலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் யாரையும் கேட்காமல், புதருக்குள் இருந்த ஓணான் பதறிக் கீழே விழுகிற மாதிரி, கத்தினாள்.